எண்ணெய்க்கு அடியில் துரு

நாற்று நடவு முடிந்து மழை சற்றுத் தணியும் செப்டம்பர் தொடக்கத்தில், குடகுநாட்டுக் கொடவர்கள் கைல்போள்து என்னும் திருவிழாவைக் கொண்டாடுகிறார்கள். நடவுக் காலம் முழுக்கப் பூஜையறையில் இருந்த துப்பாக்கிகளை அன்று வெளியே எடுத்துத் துடைத்து, குழலின் முனையில் ஒரு பூவைச் செருகி வணங்குவார்கள். அவர்கள் தோக்பூ என்று சொல்லும் அந்த மலர் வேறெதுவும் இல்லை, தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான். துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வாங்கத் தேவையில்லை என்ற விலக்கு ஆங்கிலேயர் காலம் முதல் கொடவர்களுக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது.

விழாவில் துப்பாக்கி துடைக்கப்படும் நாளைக் கவனியுங்கள். காவிரி பிறக்கும் அந்த மலைகளில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்குமேல் மழை கொட்டும் ஊர்கள் உண்டு. அந்த மழையில் பெரும்பகுதி ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வந்துவிடும். கொடியில் துணி காயாது, சுவரில் பாசி படியும். எஃகுக் குழலுக்கு ஆண்டிலேயே மிக ஆபத்தான காலம் அது. அது முடிந்த கையோடு துப்பாக்கியைத் துடைத்துப் பார்ப்பது பக்தியாகவும் இருக்கிறது, நல்ல வேதியியலாகவும் இருக்கிறது.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது? பூமியில் அது பெரும்பாலும் ஆக்சிஜனோடு சேர்ந்த தாதுவாகவே கிடக்கிறது. உலையில் பெரும் வெப்பம் கொடுத்து அந்த ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கிறோம். வாய்ப்புக் கிடைத்தால் இரும்பு பழைய நிலைக்கே திரும்பிவிடும். அதற்குக் காற்றும் நீரும் சேர்ந்து வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் துரு ஏறாது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் ஒரே ஒரு சொட்டு உப்புநீரைக் கொண்டு காட்டினார். தேய்த்து மெருகேற்றிய இரும்புத் தகட்டின்மேல் அந்தச் சொட்டை வைத்தால், அதன் விளிம்பில் காற்று தாராளமாகக் கரையும். நடுவில் காற்று குறைவு. அந்தச் சிறு வேற்றுமையே ஒரு மின்கலத்தை உண்டாக்கிவிடுகிறது. சொட்டின் நடுவில் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியாகவே விளிம்புக்கு ஓடி ஆக்சிஜனோடு வினைபுரிகின்றன. நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில் துரு வளையமாகப் படிகிறது. அதாவது துரு தெரிகிற இடம் வேறு, இரும்பு அரிபடுகிற இடம் வேறு. குழலின் உட்புறத்தில் ஊசிமுனை அளவில் குழி விழுவது இப்படித்தான். மேலே படிந்த துருவைச் சுரண்டிவிட்டதும் பிரச்சினை தீர்ந்ததென்று நினைப்பவர்கள் அடியில் இருக்கும் குழியை மறந்துவிடுகிறார்கள்.

சொட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. 1930களில் இங்கிலாந்தில் வெர்னன் செய்த ஆய்வுகளில், மாசு கலந்த காற்றின் ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டைத் தாண்டியதும் துருவின் வேகம் சட்டென்று ஏறியது. கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமே அதற்குப் போதும். அந்தப் படலத்தில் உப்பு கலந்தால் மின்னோட்டம் இன்னும் எளிதாகிறது. உப்போ தானாகவே காற்றிலிருந்து நீரை இழுக்கும். விரல் வியர்வையில் இருப்பதும் அதே உப்புதான், கூடவே லாக்டிக் அமிலம் வேறு. சிலருடைய கை பட்ட எஃகு மற்றவர்கள் தொட்டதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும் என்பது பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

வியர்வை வெளிப்புறத்து எதிரி. குழலுக்கு உள்ளே துப்பாக்கி தன் துருவைத் தானே தயாரித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. பழைய கரிமருந்தில் நான்கில் மூன்று பங்கு வெடியுப்பு, மீதி கரியும் கந்தகமும். சுட்ட பிறகு அதன் எடையில் பாதிக்குமேல் புகையாகவும் சாம்பலாகவும் திடப்பொருளாகவே எஞ்சும். அந்தக் கசடில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் ஈரப்பதம் 43 விழுக்காட்டைத் தாண்டினாலே காற்றின் நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். ஆகவே கரிமருந்துத் துப்பாக்கியை அன்றே கழுவிவிடுவது எல்லா நாடுகளிலும் பழக்கமாயிற்று.

பிறகு புகையில்லா வெடிமருந்து வந்தது. கசடு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் குழல்கள் துருப்பிடித்தன. நன்றாகத் துடைத்து எண்ணெய் பூசி வைத்தவர்களின் குழல்களும் தப்பவில்லை. புதிய மருந்தின் அமிலம் எஃகுக்குள் ஊறிவிடுகிறது, குழல் பிறகு வியர்க்கிறது என்றெல்லாம் விளக்கங்கள் உலவின. இந்த மர்மத்தை அமெரிக்கச் சுரங்கத் துறையைச் சேர்ந்த வில்பர்ட் ஹஃப் அவிழ்த்தார். 1922இல் வெளியான அவரது ஆய்வறிக்கை எண்ணெய்ப் படலங்களுக்கு அடியில் நிகழும் அரிப்பைப் பற்றியது.

குற்றவாளி வெடிமருந்து இல்லை. தோட்டாவின் அடியில் ஊசி தட்டியதும் தீப்பொறி கிளப்பும் சிறு மூடியான பிரைமர்தான். அதில் அன்று பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடாக, அதாவது சமையல் உப்பின் நெருங்கிய உறவான ஓர் உப்பாகக் குழல் முழுக்கப் படிந்தது. மழைக்காலக் காற்றில் அது கசிந்து உப்புநீராகும். எவன்ஸின் சொட்டு ஆயிரக்கணக்கில் குழலுக்குள் உட்கார்ந்துவிடும்.

எண்ணெய் ஏன் உதவவில்லை? உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்த் துணியால் எத்தனை முறை துடைத்தாலும் உப்புத்துகளில் ஒரு பகுதி எஃகோடு ஒட்டியே நிற்கும், அதன்மேல் எண்ணெய் மூடிக்கொள்ளும். அந்த எண்ணெயும் அடைத்த சுவர் கிடையாது. ஆக்சிஜன் அதில் கரைந்து உள்ளே போகிறது, நீராவியும் மெதுவாக ஊடுருவுகிறது. உள்ளே காத்திருக்கும் உப்பு வந்த நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரும்பைக் காக்கப் பூசிய எண்ணெய் துருவுக்குப் போர்வையாகிவிடுகிறது.

இதற்கான மருந்து தண்ணீர். நீரிலிருந்து காக்க வேண்டிய இரும்பை முதலில் நீராலேயே கழுவ வேண்டும் என்பதைப் பலரால் இன்றும் நம்ப முடிவதில்லை. உப்பு நீரில் கரைந்து ஓடிவிடும். கொதிக்கும் நீரை ஊற்றினால் குழலே சூடேறி, மிச்ச ஈரத்தைத் தானே உலர்த்திக்கொள்ளும். எண்ணெயின் முறை அதற்குப் பிறகுதான். 1920களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். நிறுவனமும் அமெரிக்காவின் ரெமிங்டனும் குளோரேட் இல்லாத பிரைமர்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இன்றைய ஷாட்கன் தோட்டாக்களில் அந்த உப்பு இல்லை. எனவே நவீனத் தோட்டா சுட்ட குழலுக்குக் கொதிநீர் தேவைப்படாது. கரைப்பானும் தூரிகையும் போதும். ஆனால் ரவைகளைத் தாங்கிச் செல்லும் பிளாஸ்டிக் கிண்ணம் குழலின் சுவரில் மெல்லிய கீற்றாக உருகி ஒட்டும். அதற்கும் எஃகுக்கும் இடையில் ஈரம் சிக்கும். எண்ணெய்க்கு முன் அது போக வேண்டும்.

எண்ணெய் நன்றாக வேலை செய்வதன் ரகசியம் மூலக்கூறில் இருக்கிறது. துருத்தடுப்பு எண்ணெயில் கலக்கும் பொருட்களின் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை உலோகத்தை விரும்பும், மறுமுனை நீரை வெறுக்கும். அவை எஃகின்மேல் வரிசையாக நின்று நீரை அண்டவிடாமல் தடுக்கின்றன. ஆட்டு ரோமத்திலிருந்து கிடைக்கும் லானோலின் மெழுகு இயற்கையாகவே இதைச் செய்கிறது. தேங்காய் எண்ணெயை நான் பரிந்துரைக்க மாட்டேன். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்து விசைப்பகுதியை இறுக்கிவிடும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், காற்றுப் பட்டுப் பிசினாகும். எந்த எண்ணெயானாலும் மெல்லிய பூச்சுப் போதும். மிகையாக ஊற்றினால் அது வழிந்து மரக்கட்டைக்குள் இறங்கி, இரும்போடு மரம் சேரும் இடத்தை மென்மையாக்கிவிடும். அதனால்தான் எண்ணெயிட்ட துப்பாக்கியைச் சில காலம் முனை கீழாக நிறுத்தி வைக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி குழலின் கருநீல நிறம். அது வண்ணம் இல்லை, துரு! கைவினைஞர் எண்ணெய்ப் பசையின்றிக் குழலைத் துடைத்து, அமில உப்புக் கரைசல் பூசி, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள பெட்டியில் வைத்து வேண்டுமென்றே செந்துரு ஏற விடுகிறார். பிறகு தூய நீரில் கொதிக்க வைக்கிறார். செந்துரு மேக்னடைட் என்னும் கருப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. உதிர்வதை மென்கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடி துரு, மறுபடி கொதிநீர். பலமுறை செய்தபின் ஆழ்ந்த கருமை வருகிறது. காரக் கரைசலில் ஒரே மூச்சில் கருக்கும் வேகமான முறையும் உண்டு. ஆனால் இரட்டைக்குழல் துப்பாக்கியின் இரு குழல்களையும் இணைக்கும் ஈயப்பற்றை அந்தக் காரம் அரித்துவிடும். ஆகவே நல்ல இரட்டைக்குழல்களுக்கு இன்றும் பொறுமையான முறைதான். மேக்னடைட் படலம் தனியாகத் துருவை நிறுத்தாது. அதன் நுண்துளைகளில் எண்ணெய் தங்குவதுதான் பாதுகாப்பு.

மழைக்காலம்போலவே தேர்தல் காலமும் குழலுக்குச் சோதனைதான். தேர்தல் வரும்போதெல்லாம் உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறார்கள். வாரக்கணக்கில் அவை உறைக்குள் கிடக்கும். தோலுறையும் பஞ்சுறையும் ஈரத்தைப் பிடித்து வைப்பவை. வீட்டில் அப்பா, தாத்தா விட்டுச்சென்ற துப்பாக்கி இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: தோட்டா இல்லை என்பதை முதலில் இருமுறை பார்த்து உறுதி செய்யுங்கள். ஒப்படைக்கும் முன் குழலைச் சுத்தம் செய்து, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய் பூசுங்கள். திரும்பி வந்த அன்றே உறையிலிருந்து எடுத்து, குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள்.