தெரிந்தும் எடுத்த சீட்டு

உள்ளங்கையில் இரண்டு மின்முனைகளை ஒட்டி, உணர முடியாத அளவு மின்னழுத்தம் கொடுத்தால், தோல் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்று அளக்கலாம். இதுதான் தோலின் கடத்துதிறன். மனம் பதறினால் நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டும். 1 முதல் 3 விநாடிக்குள் அளவு ஏறும். கையில் ஈரம் தெரியக்கூட வேண்டாம்.

1990இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அந்தோனியோ டமாசியோ குழுவினர் சிலரை இப்படி அளந்தார்கள். அவர்களுக்கு நெற்றிமடலின் அடிப்பகுதி, அதாவது கண்குழிகளுக்கு மேலே நடுவில் உள்ள மூளைப்பகுதி, இருபுறமும் சிதைந்திருந்தது. திடீர்ச் சத்தம் கேட்டால் அளவு ஏறியது. நரம்பும் சுரப்பியும் பழுதில்லை. சிதைந்த உடல்களின் படங்களை வெறுமனே பார்க்கச் சொன்னபோது அளவு அசையவில்லை. பார்ப்பது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது.

1997இல் அதே குழு நான்கு சீட்டுக்கட்டுகளை வைத்து, விரும்பிய கட்டிலிருந்து ஒவ்வொரு சீட்டாக எடுக்கச் சொன்னது. இரண்டில் சீட்டுக்கு 100 டாலர் விளையாட்டுப் பணம். அவ்வப்போது பெரிய அபராதம். பத்துச் சீட்டில் நிகர நட்டம் 250. மற்ற இரண்டில் சீட்டுக்கு 50தான். பத்துச் சீட்டில் நிகர லாபம் 250. மூளை பழுதில்லாதவர்கள் 10 பேர். ஏறத்தாழ பத்தாவது சீட்டிலிருந்தே, நட்டக்கட்டை நோக்கிக் கை நீளும் முன் அவர்கள் தோல் எச்சரித்தது. 50 சீட்டு வாக்கில்தான் சந்தேகத்தை வாய்விட்டுச் சொன்னார்கள். இதைவிட முன்பே இத்தகையவர்களுக்கு ஓரளவு தெரிந்துவிடுகிறது என்று 2004இல் வேறு ஆய்வாளர்கள் காட்டினர். அந்தத் திருத்தம் நியாயமானது.

நெற்றிமடலின் அடிப்பகுதி சிதைந்தவர்கள் 6 பேர். ஒருவருக்கும் அந்த முன்னெச்சரிக்கை வரவில்லை. அவர்களில் 3 பேர் எது நட்டக்கட்டு என்று சரியாகவே சொன்னார்கள். சொல்லிவிட்டு அதிலிருந்தே எடுத்தார்கள். ஆய்வில் மிகவும் கவலை தருவது இந்த மூவர்தான்.

மூளையின் இந்தப் பகுதி சிதைய மூளைக்கட்டிதான் வர வேண்டும் என்பதில்லை. அது கரடுமுரடான எலும்பின் மேல் அமர்ந்திருக்கிறது. பின்மண்டை தரையில் மோதினாலும் முன்மூளையின் அடி அந்த எலும்பில் உரசிக் கன்றிப்போகும். தலைக்காயங்களில் அடிக்கடி கன்றும் இடங்களில் இதுவும் ஒன்று.

டமாசியோவின் நோயாளி ஒருவர் தம் முப்பதுகளில் இதே பகுதியில் வந்த மூளைக்கட்டியை அகற்றிக்கொண்டவர். நினைவாற்றல், மொழி, நுண்ணறிவு எல்லாம் சோதனையில் குறையின்றி இருந்தன. ஆனால் வேலை போனது. நண்பர்கள் தடுத்தும் நம்பத்தகாத ஒருவரோடு தொழில் தொடங்கிச் சேமிப்பை இழந்தார். இரண்டு திருமணங்கள் முறிந்தன. சோதனை முடிவுகள் நன்றாக இருந்ததால் அவருடைய ஊனமுற்றோர் உதவித்தொகையும் நிறுத்தப்பட்டது.