உஷார்! கேரவன் ஸ்டார்ட் ஆகவில்லையா? நாசில் நட்டில் கை வைக்காதீர்கள்!

மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற கேரவனை விடுமுறைக்கு வெளியே எடுக்கப் போகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நின்ற டீசல் வண்டி அடம்பிடிப்பதற்குப் பெரும்பாலும் சில்லறைக் காரணம்தான் இருக்கும். பேட்டரி இறங்கியிருக்கும், ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் டீசல் லைனில் ஏர் ஏறியிருக்கும். எல்லாமே ஒரு மதியத்தில் முடிகிற வேலை. அவசரத்தில் தப்பான இடத்தில் ஸ்பானர் வைத்தால்தான் அது ஆஸ்பத்திரி வரை போகும்.

லைனில் ஏறிய ஏரை வெளியேற்றப் பழைய வண்டிக்காரர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. "நாசில் நட்டை லேசா லூஸ் பண்ணுண்ணே, நான் செல்ஃப் அடிக்கிறேன். நுரை நின்னதும் டைட் வெச்சிரு." மெக்கானிக்கல் பம்ப் காலத்து இன்ஜின்களுக்கு அது சரி. இன்று நம் ஊரில் கேரவனாக மாறும் ஃபோர்ஸ் டிராவலரும், ஐரோப்பிய மோட்டார்ஹோம்களில் பெரும்பகுதிக்கு அடித்தளமான ஃபியட் டுகாட்டோவும் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஹை பிரஷர் குழாய்) இன்ஜின் வண்டிகள். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் 2 பார் சொச்சம். காமன் ரெயில் குழாயில் ஐட்லிங்கிலேயே 200, 300 பார் இருக்கும். வண்டி மேடேறும்போது 1,600 பாரையும் தாண்டும். ஓடுகிற இன்ஜினில் அந்த நட்டைத் தளர்த்தினால், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய டீசல் தாரை கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும்.

இதில் பயங்கரம் என்னவென்றால், பட்டவருக்கே பட்டது தெரியாது. குண்டூசி குத்தியது போல விரலில் ஒரு புள்ளி. ரத்தம் வராது, வலியும் பெரிதாக இருக்காது. துடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். உள்ளே போன டீசலோ தசைநார் உறை வழியே பரவிக்கொண்டிருக்கும். சில மணி நேரத்தில் விரல் வீங்கி நிறம் மாறும். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். அதனால் டிடி ஊசி போட்டு, பிளாஸ்திரி ஒட்டி வீட்டுக்கு வரும் கேஸ் இல்லை இது. அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். "ஹை பிரஷர் டீசல் தோலுக்குள் போயிருக்கிறது" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். எங்கே கசிகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பதும் இதே ஆபத்துதான். ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். நனைகிறதா என்று தெரிந்துவிடும்.

சரி, நாமே எதைப் பார்க்கலாம்? வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பின்னால் படுத்திருப்பவர்களை இறக்கிவிடுங்கள்.

முதலில் பேட்டரி

கேரவனில் இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று இன்ஜினுக்கு, இன்னொன்று உள்ளே இருக்கும் லைட், ஃபேன், ஃபிரிட்ஜுக்கு. உள்ளே ஃபேன் சுற்றுகிறது என்பதற்காக இன்ஜின் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம். இன்ஜின் போதிய வேகத்தில் சுற்றாவிட்டால் ரெயிலில் அழுத்தம் ஏறாது, டீசல் இருந்தும் வண்டி பிடிக்காது. ஒரே மூச்சில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்காதீர்கள். 10, 15 விநாடி அடித்தால் இரண்டு நிமிடம் ஓய்வு கொடுங்கள். இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரும் கருகும்.

சைலென்சரைப் பாருங்கள்

செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, எரியவில்லை என்று பொருள். குளிர் நாட்களில், சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கைச் சந்தேகப்படுங்கள். புகையே இல்லையென்றால் டீசல் போய்ச் சேரவில்லை. ஓடும் வண்டி கரும்புகை கக்கினால் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நின்ற வண்டியில் எலி கூடு கட்டுவது சகஜம். ஆனால் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் பொருத்திய பிஎஸ்-6 வண்டியில் புகையை நம்பிப் பயனில்லை. அங்கே ஸ்கேனர்தான் பேச வேண்டும்.

ஃபில்டரில் தண்ணீர்

பாதி டேங்க்கோடு நிறுத்திய வண்டியில், பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வர, டேங்க் சுவரில் ஈரம் படிந்து அடியில் இறங்கும். ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் ஆடாமல் வையுங்கள். மேலே மஞ்சளாக டீசல், அடியில் நிறமற்ற ஓர் அடுக்கு தெரிந்தால் அதுதான் தண்ணீர். இரண்டுக்கும் நடுவே கறுப்பாக வழவழப்பு மிதந்தால் டீசலில் கிருமி வளர்ந்திருக்கிறது. அப்போது ஃபில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை, டேங்க்கையே கழுவ வேண்டும்.

டாஷ்போர்டில் தண்ணீர் விளக்கு எரிந்தும் "ஊர் போய்ப் பார்த்துக்கலாம்" என்று ஓட்டாதீர்கள். ஹை பிரஷர் பம்புக்கு மசகு எண்ணெய் வேறு கிடையாது, டீசல்தான். தண்ணீர் புகுந்தால் பம்ப் தேயும். அந்த உலோகத் தூள் ரெயில், இன்ஜெக்டர் என எல்லா இடமும் போய், மொத்த சிஸ்டத்தையும் மாற்ற வைத்துவிடும்.

ஃபில்டர் மாற்றிய பிறகு ஏர் எடுப்பது லோ பிரஷர் பக்கத்தில் மட்டும்தான். ஹேண்ட் பிரைமர் இருந்தால் அது இறுகும் வரை அழுத்துங்கள். எலெக்ட்ரிக் பம்ப் என்றால் செல்ஃப் அடிக்காமல் சாவியை நான்கைந்து முறை ஆன், ஆஃப் செய்தாலே போதும். அப்படியும் ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடத்தில் அணைகிறதா? டேங்க்கிலிருந்து பம்ப் வரை உள்ள ரப்பர் ஹோஸ், கிளாம்ப், ஃபில்டர் வாஷரைப் பாருங்கள். உறிஞ்சும் பக்கத்து ஓட்டை சொட்டாது, காற்றைத்தான் உள்ளே இழுக்கும். தரை காய்ந்திருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம்

ஈதர் ஸ்ப்ரேயை ஏர் குழாயில் அடித்துக் கிளப்புவதை யூடியூபில் பார்த்திருப்பீர்கள். குளோ பிளக்கோ இன்டேக் ஹீட்டரோ உள்ள இன்ஜினில் அது நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டன் உடையும், முகத்துக்கு நேராகத் தீயும் வரலாம்.

ஆயில் ஸ்டிக்கில் மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தாலோ, ஃபில்டரில் மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தாலோ இன்னொரு முறை செல்ஃப் அடிக்காதீர்கள். ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வண்டியை அரை மணி நேரம் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். வாஷரோடு ஒரு ஸ்பேர் ஃபில்டர் வாங்கி வையுங்கள். திரும்பி வந்து ஷெட்டில் விடும்போது டேங்க்கை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள்.