இரத்தக் கழிச்சலும் ஈரத் தரையும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, வாசலும் கொல்லையும் நாட்கணக்கில் உலராமல் கிடக்கிற காலத்தில், பொரித்து மூன்று முதல் ஆறு வாரமான குஞ்சுகளைப் பஞ்சாரத்தால் மூடி வைத்திருக்கும் வீடுகளில், சிறகைத் தொங்கவிட்டு, இறகு சிலிர்த்து, கண் செருகி ஒதுங்கி நிற்கும் ஒரு குஞ்சும், அதன் அருகே இரத்தம் கலந்த எச்சமும் காணப்படுமாயின், அதைத் திருஷ்டி என்றோ தீனிக் கோளாறு என்றோ தள்ளிவிடாமல், இரத்தக் கழிச்சல் நோய் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஜெர்மானிய விலங்கியல் அறிஞர் தியோடர் ஐமரின் பெயரைத் தாங்கிய ஐமீரியா என்னும் ஓரணு உயிரி, கோழிக் குடலின் உட்சுவரில் புகுந்து பெருகுவதே இந்நோய்க்குக் காரணம். கோழிகளைப் பற்றும் ஐமீரியாக்களில் ஏழு வகைகள் நெடுங்காலமாக அறியப்பட்டவை; அவற்றுள் குருட்டுக்குடலைத் தாக்கும் டெனெல்லா என்பதே அதிக இரத்தப்போக்கை உண்டாக்கும் கொடிய வகை. மனிதரை இவை அண்டுவதில்லை.

இதன் சஞ்சார முறையை அறிந்தவர்க்கு மருந்துப் பெட்டியைவிடத் தரையின்மீதே அதிகக் கவனம் செல்லும். நோயுற்ற கோழியின் எச்சத்தோடு, ஊசிஸ்ட் எனப்படும் தடித்த ஓடுடைய நுண்முட்டைகள் லட்சக்கணக்கில் வெளியேறுகின்றன; ஆனால் விழுந்த மாத்திரத்தில் அவற்றுக்கு நோயுண்டாக்கும் சக்தி கிடையாது. ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் ஒருங்கே வாய்த்து, ஒன்றிரண்டு நாட்கள் கழிந்தபின்னரே, ஒவ்வொன்றின் உள்ளும் எட்டு நுண்கிருமிகள் உருவாகித் தயாராகின்றன; அதைக் கொத்தி விழுங்கிய குஞ்சின் எச்சத்தில் ஒரு வார காலத்துக்குள் புதிய ஊசிஸ்டுகள் வரத் தொடங்கிவிடுகின்றன. ஆகவே பஞ்சாரத்தை அன்றாடம் வேறொரு காய்ந்த இடத்துக்கு மாற்றிக் கவிழ்ப்பது என்னும் அற்பமான காரியம், நேற்றைய எச்சம் பக்குவமடைவதற்கு முன்பே குஞ்சுகளை அங்கிருந்து அகற்றிவிடுகிறது. கொட்டகையில் வளர்ப்போர் நெல் உமியைப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்து கட்டிபட்ட உமியை மட்டுமேனும் அன்றன்று அள்ளிவிட வேண்டும். ஏனெனில் சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அந்த ஓடு எளிதில் மசிவதில்லை, வறட்சிக்கும் கொதிநீருக்குமே அது பணிகிறது.

இங்கே ஒரு விசித்திரமும் உண்டு. வளர்ந்த கோழிகள் தாம் நோய்ப்படாமலே இந்த நுண்முட்டைகளை எச்சத்தில் இட்டுக்கொண்டிருக்கக் கூடும்; தாய்க்கோழியும் இதற்கு விலக்கன்று. அப்படியிருந்தும், தாயோடு கொல்லையெங்கும் மேய்ந்து திரியும் குஞ்சுகள் பெரும்பாலும் தப்பிவிடுவது, சிறுகச் சிறுக உட்கொண்ட கிருமியால் அவற்றின் குடல் எதிர்ப்புச் சக்தியைச் சம்பாதித்துக்கொள்வதனால்தான். கிருமியை அடியோடு ஒழிக்க முற்படும் பிரயத்தனம் வீண் என்பதே என் அபிப்பிராயம். நெருக்கடியையும் ஈரத்தையும் குறைத்து, அதன் அளவை அடக்கி வைத்தால் போதும்.

வெள்ளைக் கழிச்சலுக்குத்தான் சொட்டு மருந்து போட்டாயிற்றே என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது 1928ஆம் ஆண்டு வாக்கில் குமாவுன் மலைநாட்டு ராணிக்கேட்டில் அறியப்பட்ட வைரஸ் நோய். அதற்கு இட்ட தடுப்பு மருந்து ஐமீரியாவை எள்ளளவும் தடுக்காது.

நோய் வந்துவிட்டாலோ தாமதம் ஆகாது. இரத்தம் கண்ணில் படும்போது, அக்குஞ்சின் குடலில் சேதம் பெரும்பாலும் நிகழ்ந்து முடிந்திருக்கும். எனவே சிகிச்சை, வாடிய ஒன்றுக்கு மட்டுமன்றி, அதனோடு இருந்த அனைத்துக்குமே ஆகவேண்டும். தீனியை வெறுக்கும் குஞ்சும் தண்ணீரை ஓரளவு குடிக்குமாதலால் மருந்தைத் தண்ணீரிலேயே கலப்பது வழக்கம். ஆம்ப்ரோலியம் என்னும் மருந்து லிட்டருக்கு 120 மில்லிகிராம், நோய் கடுமையானால் 240 மில்லிகிராம் என்ற அளவில் மூன்று முதல் ஐந்து நாட்களும், பின்னர் 60 மில்லிகிராமாக ஒன்றிரண்டு வாரங்களும் கொடுக்கப்படுகிறது. கடையில் கிடைக்கும் பொடிகளின் வீரியம் வேறுபடுவதால், எத்தனை கிராம் பொடி என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிவதே விவேகம். இம்மருந்து தயமின் என்னும் பி1 வைட்டமினைப் போல வேஷமிட்டு, கிருமிக்கு அச்சத்து சேராமல் தடுத்து அதைப் பட்டினியிடுகிறது. ஆதலால், வாடிய குஞ்சுக்குத் தெம்பு வரட்டும் என்ற நல்லெண்ணத்தில் அதே நாட்களில் பி வைட்டமின் டானிக்கையும் ஊற்றுவோர், கிருமிக்கே விருந்து வைக்கிறார்கள். டானிக்கை மருந்துக்காலம் முடிந்த பிறகு கொடுக்கலாம்.