படகு போய்விட்டால் யாரைக் கூப்பிடுவது?

1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் போர்ட் டக்ளஸிலிருந்து ஸ்கூபா டைவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு கிரேட் பேரியர் ரீஃபுக்குப் போனது. மாலையில் தலை எண்ணிப் பார்த்துவிட்டுக் கரை திரும்பினார்கள். எண்ணிக்கை தப்பு. அமெரிக்கத் தம்பதி ஒன்று இன்னும் கடலில் இருந்தது. அவர்களுடைய பை படகிலேயே கிடப்பதைப் பார்த்து, ஆள் வரவில்லை என்று உறைத்தபோது இரண்டு நாள் ஓடிவிட்டது. பிறகு விமானங்களும் கப்பல்களும் சல்லடை போட்டுத் தேடியும் அவர்கள் கிடைக்கவே இல்லை. ‘ஓப்பன் வாட்டர்’ படத்துக்குத் தூண்டுதலாக இருந்தது இந்தச் சம்பவம்தான்.

டைவர்களுக்கான அபாய அறிவிப்புக் கருவிகள் என்று பேச்செடுத்தால் பேட்டரி, ரேஞ்ச், விலை என்றுதான் போகும். அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: நாம் அனுப்பும் சைகையை அந்த நேரத்தில் பார்க்கப்போவது யார்? அந்தத் தம்பதி கையில் எவ்வளவு பெரிய மிதவை இருந்திருந்தாலும் முதல் இரண்டு நாளும் அவர்களைத் தேடி ஒருவரும் வந்திருக்க மாட்டார்.

வழக்கமாக நடப்பது இவ்வளவு கொடுமையானதல்ல. படகு அங்கேயேதான் நிற்கும், ஓட்டுபவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார். ஆனால் டைவர் இறங்கிய இடம் ஒன்று, நீரோட்டம் இழுத்துப்போய் மேலே வந்த இடம் வேறு. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. அவர்கள் கயிற்றின் மறுமுனை தோணியில் ஒருவர் கையில் இருந்தது; அசைத்தால் தூக்கிவிடுவார். முதுகில் சிலிண்டர் ஏறியதும் அந்தக் கயிறு போயிற்று.

ஒரு நாட் வேக நீரோட்டம் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். எந்தத் திசையில் போனார் என்று தெரியாவிட்டால், ஒரு மணி நேரத்தில் தேட வேண்டிய பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் அது மூன்று மடங்கல்ல, ஒன்பது மடங்காகி நூறைத் தொட்டுவிடும். தண்ணீருக்கு மேலே தெரிவதோ ஒரு தலை மட்டும். அதன் அகலத்தை 20 சென்டிமீட்டர் என்று வையுங்கள். நல்ல கண்ணால் பிரித்தறிய முடிவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 700 மீட்டருக்கு அப்பால் தலை வெறும் புள்ளி. அலையும் வெயில் பளபளப்பும் சேர்ந்தால் அந்தப் புள்ளியும் இல்லை. டைவர் கண்ணுக்குப் படகு நன்றாகத் தெரியும், படகுக்கு டைவர் தெரியமாட்டார். கத்திக் கத்தித் தொண்டை வற்றுவது இதனால்தான்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது மிதவைக் குழாய். மடித்தால் ஜாக்கெட் பைக்குள் அடங்கும். காற்றடைத்தால் ஓர் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும். குட்டையானது வேண்டாம். 2 மீட்டர் உயரமுள்ளதன் நுனி அலைக்கு மேலே தெரியும். சிலிண்டர் காலியாகிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, வாயால் ஊதக்கூடிய வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். நீலக் கடலில் ஆரஞ்சும் மஞ்சளும் பளிச்சென்று தெரியும். அந்தி சாய்ந்ததும் நம் கண் சிவப்பு நிறங்களைத்தான் முதலில் கைவிடுகிறது. அப்போது ஆரஞ்சு மிதவை கறுத்துப்போகும். மஞ்சள் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குப் பிறகு மின்னும் விளக்குதான். பகல் டைவ்தானே என்று டார்ச்சைக் கரையில் வைத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தேடல் பகலிலேயே முடிந்துவிடும் என்று யார் சொன்னது?

எனக்கு மிகவும் பிடித்தது சைகைக் கண்ணாடி. பேட்டரி இல்லை, காலாவதித் தேதி இல்லை. வெயில் நாளில் பத்து கிலோமீட்டருக்கு அப்பாலும் அதன் மின்னல் தெரியும். ஆனால் சூரியன் வானில் அரை டிகிரி அகலம்தான் என்பதால், கண்ணாடி திருப்பும் ஒளிக்கற்றையும் அவ்வளவே விரியும். பத்து கிலோமீட்டர் தள்ளி அது விழும் வட்டம் சுமார் 90 மீட்டர். கையை லேசாக அசைத்தாலே குறி தப்பிவிடும். நடுவே குறிபார்க்கும் துளை உள்ள கண்ணாடிதான் வேண்டும் என்பது இதனால்தான்; முகம் பார்க்கும் கண்ணாடி உதவாது.

விசில் எதிர்காற்றில் வெகுதூரம் போகாது, படகில் எஞ்சின் ஓடினால் யாருக்கும் கேட்காது. ஜாக்கெட்டுக்குக் காற்று கொடுக்கும் குழாயில் பொருத்தும் ‘டைவ் அலர்ட்’ போன்ற ஹாரன் காதைக் கிழிக்கும். ஆனால் சிலிண்டரில் மிச்சம் இருந்தால்தான் அது பேசும்.

இனி ரேடியோ. கடல்நீர் உப்புக் கரைசல், மின்கடத்தி. ரேடியோ அலைகளைச் சில சென்டிமீட்டரிலேயே விழுங்கிவிடும். நீருக்குள் இருந்தபடி சாட்டிலைட்டைக் கூப்பிட வழியே இல்லை. மேலே வந்த பிறகும் ஆன்டெனா நனையாமல் வானம் பார்த்து நிற்க வேண்டும். இன்னொரு தொல்லை அழுத்தம். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி 40 மீட்டர் இறங்கினால், அங்கே அழுத்தம் கரையில் உள்ளதைப்போல் ஐந்து மடங்கு. சந்தையில் கிடைக்கும் பெர்சனல் லொகேட்டர் பீக்கன்களில் பலவும் 10, 15 மீட்டர்வரைதான் தாங்கும். அவை டைவர்களை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. டைவர் அவற்றைத் தனி டப்பாவுக்குள் அடைத்துத்தான் கொண்டுபோக முடியும். படகு முதலாளிகளின் தேவையிலிருந்தே பிறந்த ‘நாட்டிலஸ் லைஃப்லைன்’ 130 மீட்டர்வரை தாங்குவதாகச் செய்யப்பட்டிருக்கிறது.

ஆனால் பீக்கனும் நாட்டிலஸும் ஒரே வேலை செய்வதில்லை. நாட்டிலஸ் போன்றவை ஏ.ஐ.எஸ். என்னும் கப்பல் அடையாள முறையில் உங்கள் இருப்பிடத்தை ஒலிபரப்புகின்றன. அருகில் போகும் கப்பல்களின் திரையில் ‘ஆள் கடலில்’ என்று புள்ளி விழும். இது நேர்கோட்டில் போகும் அலை. 30 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா உள்ள கப்பல் 20 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கலாம். 2 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த ஃபைபர் படகுக்கு 6 கிலோமீட்டர்கூடச் சந்தேகம். அந்தப் படகில் ஏ.ஐ.எஸ். ரிசீவரே இல்லையென்றால் அதுவும் பூஜ்யம். டைவிங்குக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டுவிட வேண்டும். கேட்டால் சிரிப்பார்கள், பரவாயில்லை.

மலேசியாவின் மெர்சிங் அருகே டோகோங் சாங்கோல் தீவில் 2022 ஏப்ரல் 6 அன்று நால்வர் டைவ் முடித்து மேலே வந்தபோது படகைக் காணவில்லை. பயிற்றுநரை மறுநாள் காலை ஓர் இழுவைப் படகு கண்டெடுத்தது. மற்றவர்களில் இருவரை 9ஆம் தேதி மீனவர்கள் காப்பாற்றினார்கள். 14 வயதுச் சிறுவன் கடலிலேயே இறந்துபோனான். பிழைத்த மூவரையும் கண்டது தேடல் படை அல்ல, அந்த வழியாகப் போனவர்கள். சிங்கப்பூருக்குக் கப்பல்கள் சாரிசாரியாகப் போகும் கடல் அது, அங்கே ஏ.ஐ.எஸ். கருவிக்கு அர்த்தம் உண்டு. கப்பலே எட்டிப் பார்க்காத பவளத்திட்டில் அதே கருவி தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும்.

அங்கே தேவை முன்னே சொன்ன பெர்சனல் லொகேட்டர் பீக்கன், அதாவது சாட்டிலைட்டைக் கூப்பிடும் 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன். கோஸ்பாஸ்-சார்சாட் என்ற சாட்டிலைட் மீட்பு முறையை 1979இல் அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் யூனியன் சேர்ந்து தொடங்கின. பனிப்போர் உச்சத்தில், 1982 செப்டம்பரில் அது முதன்முதலாகக் காப்பாற்றியது விமானம் விழுந்து காட்டில் கிடந்த மூன்று கனடாக்காரர்களை. கண்டுசொன்னது சோவியத் சாட்டிலைட். பீக்கனை இயக்கினால் ஏறக்குறைய 50 விநாடிக்கு ஒருமுறை அரை விநாடி கூவும், குறைந்தது 24 மணி நேரம். மாதச் சந்தா கிடையாது. ஜி.பி.எஸ். உள்ள பீக்கன் சுமார் 100 மீட்டர் துல்லியத்தில் இடம் சொல்லும். இல்லாததற்குச் சாட்டிலைட்டே டாப்ளர் கணக்குப் போட்டு 5 கிலோமீட்டருக்குள் குறுக்கும். கடலில் இந்த வித்தியாசம் பெரிது, ஜி.பி.எஸ். இல்லாததை வாங்காதீர்கள். இந்தியக் கடலில் கூவினால் செய்தி பெங்களூரில் இஸ்ரோ நடத்தும் கட்டுப்பாட்டு மையத்துக்கும், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்கும் போகும். ஹெலிகாப்டர் வருவதற்குள் நீரோட்டம் உங்களை நகர்த்தியிருக்கும். கடைசி சில நூறு மீட்டரில் விமானியின் கண்தான் தேடும். மிதவையும் கண்ணாடியும் விளக்கும் மறுபடி வேலைக்கு வரும்.

மலையேறுகிறவர்கள் விரும்பும், இரிடியம் சாட்டிலைட் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் கருவியைச் சிலர் டைவிங்குக்கும் சிபாரிசு செய்கிறார்கள். அனுமதி இல்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவந்து விமான நிலையத்தில் பிடிபட்ட வெளிநாட்டுப் பயணிகள் உண்டு. அந்தமானுக்குக் கிளம்பும் வெளிநாட்டு நண்பர்களிடம் சொல்லி வையுங்கள்.

406 பீக்கன் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. வாங்கியதும் அதை உரிய நாட்டில் பதிவு செய்ய வேண்டும். பீக்கன் கூவினால் மீட்பு மையம் முதலில் அந்தப் பதிவில் உள்ள தொலைபேசி எண்ணைத்தான் அழைத்து, நிஜமா, தவறுதலா என்று விசாரிக்கும். பதிவுப் படிவத்தில் உங்கள் செல்போன் எண்ணை மட்டும் எழுதிவிடாதீர்கள். அது படகில், பைக்குள் அடித்துக்கொண்டிருக்கும். இன்று எங்கே, யாருடைய படகில், எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்று தெரிந்த, கரையில் இருக்கும் ஒருவரின் எண்ணைக் கொடுங்கள்.