சீனியர் ரூம்ல ஒரு பைத்தான்!

நோட்ஸ் வாங்க, புத்தூர் நால் ரோடு பக்கம் ஒரு சீனியரின் மொட்டைமாடி ரூமுக்குப் போனேன். கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே... பால் பைத்தான்! (பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அதான் அந்தப் பேரு!)

"கடிக்காதுடா, தொட்டுப் பாரு" என்றார் பெருமையாக. எனக்கோ பயத்தைவிட பாவமாகத்தான் இருந்தது. பழைய சட்டை கண்மேல் ஒட்டியிருந்தது. தண்ணிக் கிண்ணம் காலி.

மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு இது. உடம்புச் சூட்டைத் தானே சரிபண்ணிக்க முடியாது. பெட்டியில் ஒரு மூலை 32 டிகிரி, இன்னொரு மூலை குளுமை, ஒளிய ஓர் இடம் வேணும். காற்றில் ஈரம் குறைஞ்சா சட்டை முழுசா உரியாது.

2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கு வந்த ஒருத்தர் பெட்டியில் 47 பைத்தான் பிடிபட்டது ஞாபகமிருக்கா? ஆசைக்கு வாங்க ஆள் இருக்கிறவரை கடத்தலும் நிற்காது. நம்ம ஊர்ப் பாம்பை வளர்க்கவே கூடாது. வெளிநாட்டு ரகம்னா, 2024 விதிப்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு பண்ணணும்.

சொன்னேன். சீனியர் சிரித்தார். மறுநாள் மத்தியானம் தெர்மாமீட்டரோடு போய் டப்பாவுக்குள் வைத்தேன். 38 டிகிரி! சிரிப்பு நின்றது.

"உய்யக்கொண்டான்ல விட்டுடவா?"

"ஐயோ, அது இன்னொரு தப்பு அண்ணா!"

வனத்துறைக்கு இன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போறோம்.