தார்ச்சாலைக்கு முரட்டு டயர் எதற்கு?

எஸ்யூவி வாங்கியவர்கள் பலருக்கும் பெரிய பெரிய பட்டன் வைத்த ஆல் டெரெய்ன் டயரை மாட்டிவிட வேண்டும் என்று ஓர் ஆசை. வண்டி கம்பீரமாகத் தெரியும். பாதுகாப்பும் கூடும் என்று நம்புகிறார்கள். கம்பீரம் உண்மைதான். ஆனால் பெரும்பாலும் நான்குவழிச் சாலையிலேயே ஓடும் வண்டிக்கு அந்த டயரால் பாதுகாப்பு கூடுவதில்லை, பல வேளைகளில் குறையவே செய்கிறது. எச்.டி. எனப்படும் ஹைவே டெரெய்ன் டயர்தான் அதற்குப் பொருத்தம்.

பிரேக் அடிக்கும்போது வண்டியை நிறுத்துவது சாலையில் பதிந்திருக்கும் ரப்பர். ஆல் டெரெய்ன் டயரில் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். அதனால் சாலையைத் தொடும் ரப்பர் குறைவு. உயரமான பட்டன்கள் வேகத்தில் நெளிகின்றன. இரைச்சல் எழுகிறது, டீசலும் கூடச் செலவாகிறது. எச்.டி. டயரிலோ நடுப்பகுதி ஏறக்குறைய தொடர்ச்சியான பட்டையாக இருக்கும். நீள வாக்கில் ஓடும் பள்ளங்கள் மழைநீரை வெளியேற்றும். ரப்பரில் கீறிய மெல்லிய கோடுகள் ஈரச் சாலையைப் பற்றிக்கொள்ளும். எடையும் உயரமும் கூடிய எஸ்யூவிக்கு இந்தப் பிடிப்பு மிகவும் தேவை.

மழைக்காலத்தில் தோட்டத்து மண்பாதையில் போக வேண்டியிருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தினமும் சேற்றிலும் கல்லிலும் ஏறி இறங்கும் பிக்கப்புக்கு ஆல் டெரெய்ன் டயரே சரி. மாதத்தில் இரண்டு நாள் மண்பாதைக்காக மற்ற நாட்களின் பிடிப்பை இழப்பதுதான் தவறு. எந்த டயரும் எல்லாவற்றுக்கும் ஆகாது. அமெரிக்காவில் 'ஆல் சீசன்' என்று விற்கப்படும் நெடுஞ்சாலை டயருக்கும் இது பொருந்தும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம். சாதாரண ஆல் சீசன் டயர் அங்கே செல்லாது.

முரட்டு டயர் வெடிக்காது என்பது இன்னொரு நம்பிக்கை. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது, வில்டர்னஸ் ஏ.டி. என்ற ஆல் டெரெய்ன் வகையும் அதில் அடக்கம். ஓடும்போதே மேற்பட்டை பிரிந்து, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவிகள் பல கவிழ்ந்தன. இறப்புகள் 250-ஐத் தாண்டின. டயரிலேயே குறை இருந்தது; குறைந்த காற்றழுத்தமும் வெயிலும் வேகமும் அதை மோசமாக்கின. காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறும். நம் ஊர் மே மாத வெயிலில் இந்த ஆபத்து சிறியதல்ல.

ஆகவே டயர் மாற்றும்போது பட்டனின் உயரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பக்கச்சுவரில் உள்ள சுமைக் குறியீட்டைப் படியுங்கள். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும். வண்டியோடு வந்த டயரின் எண்ணுக்குக் கீழே போகக் கூடாது. நான்கிலக்கத் தயாரிப்பு எண்ணில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. கடைக்காரர் பழைய இருப்பைத் தள்ளிவிடப் பார்த்தால் மறுத்துவிடுங்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகத் தேயும் வரை சட்டம் அனுமதிக்கிறது. மழைச் சாலைக்கு அது போதாது, 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும் என்பதால், காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன்பே பாருங்கள்.