பித்தளைக் குரல்கள் – 9: எந்த டியூபா?

முஸார்க்ஸ்கி பியானோவுக்கு எழுதிய ‘பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷன்’ படைப்பை 1922இல் ராவெல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றினார். அதில் ‘பிட்வோ’ என்ற பகுதியில் ஒரு மாட்டுவண்டி கனத்து அசைந்து வருகிறது. அந்த மெட்டை ராவெல் டியூபாவிடம் கொடுத்தார். கனமான வண்டிக்குக் கனமான வாத்தியம், சரிதான். ஆனால் மெட்டு மிடில் சி-யைத் தாண்டி ஜி ஷார்ப் வரை ஏறுகிறது. இன்றைய பெரிய டியூபாவில் அந்த உயரத்தில் நிதானமாக வாசிப்பது பெரும்பாடு.

ராவெல் எழுதியது அன்றைய பிரெஞ்சு ஆர்க்கெஸ்ட்ராக்களில் இருந்த சின்ன டியூபாவுக்கு. ஆறு வால்வுகள், யூஃபோனியத்தைவிட ஒரு முழு ஸ்வரம் உயர்ந்த சி சுருதி. அது வழக்கொழிந்துவிட்டது. அதனால் இன்று சிலர் அந்தப் பகுதிக்கு எஃப் டியூபா எடுக்கிறார்கள், சிலர் யூஃபோனியம். எனக்கு யூஃபோனியமே பிடிக்கும். ராவெலின் காதில் இருந்த குரலுக்கு அதுதான் பக்கம். முடிந்ததும் அதே கலைஞர் மடியில் பெரிய டியூபாவை ஏற்றிக்கொண்டு மற்றப் பகுதிகளை வாசிப்பார்.

டியூபா வாங்க நினைக்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். எந்த ஊரில், எந்தக் குழுவில், எதை வாசிக்கப் போகிறோம் என்று தெரியாமல் விலை கேட்கக் கூடாது.

சுருதியைப் பொறுத்து நான்கு வகை. குழாயை நீட்டிப் பார்த்தால் பி ஃபிளாட் சுமார் 18 அடி, சி 16, இ ஃபிளாட் 13, எஃப் 12. 1835இல் பெர்லினில் வீப்ரெக்ட்டும் மோரிட்ஸும் காப்புரிமை பெற்ற முதல் டியூபா எஃப் சுருதியில்தான் இருந்தது. தனி வாசிப்புக்கும் ஐவர் குழுவுக்கும் அதன் தெளிவு இன்றும் ஒத்துவருகிறது. வாக்னரின் அடிக்குரலுக்கு ஜெர்மானியர்கள் பி ஃபிளாட் எடுப்பார்கள். அமெரிக்க ஆர்க்கெஸ்ட்ராக்களில் சி சுருதிதான் வழக்கம். சிகாகோ சிம்பொனியில் 1944 முதல் 1988 வரை வாசித்த ஆர்னால்ட் ஜேக்கப்ஸின் யார்க் டியூபாவும் சி-தான். அதன் அகன்ற ஒலியைப் பிடிக்க ஹிர்ஸ்ப்ரன்னர், யமஹா இரண்டுமே அதே அச்சில் டியூபா செய்தன. பிரிட்டிஷ் பித்தளை பாண்டில் இரண்டு இ ஃபிளாட், இரண்டு பி ஃபிளாட். தெருவில் நடந்தபடி வாசிக்க வேண்டுமென்றால் தோளில் மாட்டும் சூசாஃபோன். நியூ ஆர்லியன்ஸ் ஊர்வலங்களின் அடித்தளமே அதுதான்.

கற்கத் தொடங்குபவர் பாண்டில் சேர்வதென்றால் பி ஃபிளாட் போதும். முழு அளவு பத்துக் கிலோவை எட்டும்; சிறுபிள்ளைக்கு முக்கால் அளவு கிடைக்கிறது.

வால்வு விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். ஒவ்வொரு வால்வின் குழாயும் தனியே அழுத்தும்போது சரியாக இருக்கும்படி அளக்கப்பட்டது. இரண்டு மூன்றைச் சேர்த்து அழுத்தினால் நீளம் போதாமல் சுருதி ஏறிவிடும். முதல், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடத்தில் நான்காவது தனியாகவே சுருதியோடு நிற்கும். இன்னும் கீழே போனால் அதற்கும் துணை வேண்டும். அதற்காகத்தான் 1874இல் பிளேக்லி என்ற ஆங்கிலேயர், பற்றாக்குறைக் குழாயைத் தானே சேர்த்துக்கொள்ளும் ‘காம்பன்சேட்டிங்’ முறையைக் கொண்டுவந்தார். விலையும் எடையும் கூடும். ஜெர்மனி, அமெரிக்கா பக்கம் ஐந்தாவது வால்வு வைத்து அதே வேலையை முடிக்கிறார்கள். கடையில் எல்லாரும் ஊதிப் பார்ப்பது நடு ஸ்தாயியை. நீங்கள் நான்காவது வால்வை அழுத்தி, கீழே ஒவ்வொரு ஸ்வரமாக இறங்கி, பக்கத்தில் டியூனரை வைத்துக் கேளுங்கள்.